பயனர் பெயரை மாற்றினால் கணினியின் அன்றாடப் பணிகள் நின்றுவிடுமா?

வீட்டிலுள்ள ஒரே கணினியைப் பிள்ளைகள் பலர் பயன்படுத்துவது வழமை. அக்காவின் பெயரில் ஆரம்பித்த பயனர் கணக்கு, அவர் பல்கலைக்கழகம் சென்றதும் தங்கையின் பெயருக்கு மாற்றப்படுகிறது. அக்கணக்கில் ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்த பணிகள் என்னவாகும்? உயர்தரச் செயற்றிட்டக் கோப்புகளை ஒவ்வோர் இரவும் வெளி வன்வட்டில் நகலெடுக்கும்படி கணினியிடம் ஒப்படைத்துள்ள மாணவிக்கு இது சிறிய கேள்வியன்று. நகலெடுப்பு நின்றுபோனால் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது. கோப்புகளை இழந்த பின்னரே அது தெரியவரும்.

விண்டோஸ் பணிசெயல் முறைமையில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் மென்பொருள் 'டாஸ்க் ஷெடியூலர்' ஆகும். எதை இயக்குவது, எப்போது இயக்குவது, யாருடைய கணக்கில் இயக்குவது என்னும் மூன்று விடயங்களை ஒவ்வொரு பணிக்கும் அது பதிந்துவைக்கிறது.

பெயரும் இலக்கமும்

தரம் 6இல் சேர்ந்த மாணவி தரம் 13இற்கு வந்தாலும் அவரது சேர்விலக்கம் மாறுவதில்லை. அவ்வாறே விண்டோஸ் ஒவ்வொரு கணக்கையும் 'எஸ்ஐடி' எனும் பாதுகாப்பு அடையாள இலக்கத்தால் அறிகிறது. பெயர் மாறினாலும் இவ்விலக்கம் மாறாது. எனவே இலக்கத்தைக் கொண்டு பதியப்பட்ட பணிகள் கணக்கின் உரிமையை இழப்பதில்லை.

ஆனால், பழைய கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் புதியதை உருவாக்கினால் இலக்கம் வேறாகிவிடும். பழைய பணிகள் அதற்குரியன ஆகா. ஆகவே அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவதே பாதுகாப்பானது.

சிக்கல் எழும் இடங்கள்

1. சில பணிகளில் இலக்கத்துக்குப் பதிலாகப் பழைய பெயரே எழுதப்பட்டிருக்கலாம்.
2. பெயரோடு கடவுச்சொல்லையும் மாற்றியிருந்தால், பழைய கடவுச்சொல்லைச் சேமித்த பணிகள் இயங்கா.
3. கணக்கின் பெயர் மாறினாலும் 'யூசர்ஸ்' என்பதனுள் உள்ள அதன் கோப்புறை பழைய பெயரிலேயே இருக்கும். அது பிழையன்று. அதனைக் கையால் மாற்றினால் பணிகளில் எழுதப்பட்ட கோப்புப் பாதைகள் அறுந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. பெயரை மாற்றுமுன் ஒவ்வொரு பணியையும் 'எக்ஸ்போர்ட்' மூலம் தனிக்கோப்பாகச் சேமியுங்கள்.
2. மாற்றிய பின் பணியின் 'ப்ரொபர்ட்டீஸ்' பகுதியைத் திறந்து, 'சேஞ்ச் யூசர் ஓர் குரூப்' என்பதில் புதிய பெயரைத் தட்டச்சு செய்து, 'செக் நேம்ஸ்' மூலம் உறுதிப்படுத்துங்கள். கடவுச்சொல் கேட்கப்பட்டால் தற்போதையதை வழங்குங்கள்.
3. 'ஆக்ஷன்ஸ்' பகுதியிலுள்ள கோப்புப் பாதை சரியா எனப் பாருங்கள்.
4. 'ரன்' கொடுத்துப் பணியை உடனே இயக்கி, 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' என்னும் நிரலைக் கவனியுங்கள். '0எக்ஸ்0' எனில் பொதுவாக வெற்றி; '0எக்ஸ்2' எனில் கோப்பு கிடைக்கவில்லை.

இறுதியாக, வெளி வன்வட்டைத் திறந்து இன்றைய திகதியில் நகல் இருக்கிறதா எனப் பாருங்கள். திரையில் தோன்றும் செய்தியை மாத்திரம் நம்பாமல், நகலெடுத்த கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால்தான் பணி சரிவர நடந்தது உறுதியாகும்.