முதல் தோட்டாதான் சாட்சி

எலவனாசூர்கோட்டைப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லையிலோ கரும்பிலோ காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் ஒரே இரவில் பயிர் பாழாகிவிடும். அந்த ஆற்றாமையில், எந்தத் துப்பாக்கி நல்லது என்ற பேச்சும் எழுகிறது. இப்போது பலரும் வியப்பது 'புல்பப்' வகையை: தோட்டா வெடிக்கும் அறை விசைக்குப் பின்னால், தோளில் பதியும் கட்டைக்குள்ளேயே இருக்கும் குட்டைத் துப்பாக்கி அது. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் மட்டும் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே இந்த மதிப்பீடு, அந்தப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் காகித இலக்கில் பழகுபவர்களுக்கும் உரியது. துப்பாக்கியை அதன் வடிவத்தை வைத்து எடைபோடக் கூடாது. குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் தோட்டாவை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் முடிவு.

குட்டையாக இருப்பதால் குறி தவறும் என்பார்கள். அது சரியல்ல. மொத்த நீளம்தான் குறைகிறது, குழலின் நீளம் குறைவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. விசை முன்னால், அது விடுவிக்கும் பொறி பின்னால். இரண்டையும் இணைக்கும் நீண்ட கம்பி வளைந்து கொடுத்தால் இழுப்பு கனத்துப்போகும். விரல் அழுத்தும்போதே குழல்முனை அசையும். அடுத்து, கட்டை நேர்கோட்டில் இருப்பதால் குறிக்கண்ணாடி குழலுக்கு மேலே உயரமாக நிற்கும். 100 மீட்டருக்குச் சரிசெய்தால், 20 மீட்டரில் தோட்டா குறிக்குச் சில சென்டிமீட்டர் கீழே படும். பன்றி வருவதோ இருட்டில், கிட்டத்தில். அதனால் மேசைமேல் ஊன்றி ஒரே மூச்சில் சுட்டு, காகிதத்தில் நெருங்கி விழுந்த துளைகளை நம்பாதீர்கள். வெவ்வேறு நாட்களில், குழல் ஆறியபின் ஒரே ஒரு தோட்டா, எப்போதும் ஒரே காகிதத்தில், நின்றும் உட்கார்ந்தும் சுட்டுப் பாருங்கள். அந்தக் காகிதம் காட்டும் பரவல்தான் துப்பாக்கியின் உண்மையான துல்லியம்.

ராணுவங்களே புல்பப்பை வைத்திருக்கும்போது நம்பகத்தன்மையில் என்ன ஐயம் என்று கேட்கலாம். 1985இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற எஸ்ஏ80 என்ற புல்பப் துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொண்டு கெட்ட பெயர் வாங்கியது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் திருத்தியமைத்த பிறகே தேறியது. நம் சிறப்புப் படைகளிடம் இஸ்ரேலின் டாவோர் புல்பப் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வண்டிக்குள்ளும் ஹெலிகாப்டருக்குள்ளும் அடங்க வேண்டும் என்பது படைவீரரின் தேவை. பன்றியைச் சுடுபவருக்கு வேண்டியதோ ஒரே சூடு, தவறாத சூடு. புல்பப்பில் தோட்டா அறை கன்னத்தை ஒட்டியே இருக்கும். தோட்டா சிக்கினால் தோளிலிருந்து இறக்கித்தான் எடுக்க வேண்டும். இடக்கைக்காரருக்கு வெற்றுக்கூடு முகத்தில் தெறிக்கலாம். செம்மண் புழுதியும் ஐப்பசி ஈரமும் உள்ள வயலில், அழுக்கேறிய நிலையிலும் அது இயங்குகிறதா என்று சோதிக்காமல் கையில் எடுப்பது ஆபத்து.

கல்வராயன் மலையின் நாட்டுத் துப்பாக்கியைவிட புல்பப் எவ்வளவோ மேல் என்றும் வாதிடுவார்கள். ஈரத்தில் நமுத்துப்போகும் கரிமருந்தோடு ஒப்பிட்டால் எதுவும் மேல்தான். அது தகுதிக்கு அளவுகோல் ஆகாது. தவறாத சூடுதான் அளவுகோல், ஏனென்றால் காயத்தோடு ஓடும் பன்றி, மறுநாள் காலை களைவெட்ட வரும் பெண்கள்மேல் பாயும். ஜீப்பிலிருந்து இறங்கிக் கரும்புக்குள் நுழைபவருக்குக் குட்டை வடிவம் உதவும் என்பதை மறுக்கவில்லை. வரப்போரம் நின்று சுடுபவருக்குக் கையால் தோட்டா ஏற்றும் .315 துப்பாக்கி போதும். காகித இலக்கில் மட்டும் பழகுபவர்களுக்கு, 20 ஜூலுக்கு மேற்படாத .177 காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதைக்கொண்டு புறாவையோ முயலையோ சுட்டாலும் குற்றமே. எந்த வகையானாலும், சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையும் குடியிருப்புகளும் அருகில் உள்ள சமவெளி இது. தவறிய தோட்டாவைத் தாங்க இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால், எவ்வளவு துல்லியமான துப்பாக்கியானாலும் விசையைத் தொடக் கூடாது.