பெரிய படங்களுக்கு என்ன கம்ப்யூட்டர்?

கல்யாண ஆல்பம் செய்யும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, ஐ5 போதுமா, ஐ7 போடணுமா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "உன் ஃபைல் எவ்வளவு பெருசு?" பதில் வருவது அபூர்வம்.

போட்டுப் பார்த்தால் எளிய கணக்குதான். 45 மெகாபிக்சல் படத்தை ஃபோட்டோஷாப்பில் 16 பிட்டில் திறந்தால், பிக்சலுக்கு மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட் என்று 270 எம்பி ஆகிறது. முழுப்படமாகப் பத்து லேயர் வைத்தால் 2.7 ஜிபி. 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டும் 300 டிபிஐயில் ஏறக்குறைய 39 மெகாபிக்சல் வரும். அதில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைக்கும் ஒவ்வொரு படமும் தன் அசல் அளவையும் சுமந்துகொண்டுதான் வரும். ஃபைல் 2 ஜிபியைத் தாண்டினால் பிஎஸ்டியாகச் சேமிக்கவே முடியாது, பிஎஸ்பிதான்.

அதனால் என் பட்டியலில் ரேம்தான் முதலில். 32 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்பவர்களுக்கு 64. நாலு ஸ்லாட் உள்ள மதர்போர்டாக எடுத்து, இரண்டில் மட்டும் ஜோடியாகப் போட்டு, மீதியைக் காலியாக விடுங்கள். மேக் மினி சத்தமில்லாத நல்ல பெட்டிதான். ஆனால் அதன் ரேமை வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும், பிறகு கூட்ட வழியில்லை.

ரேம் நிரம்பினால் ஃபோட்டோஷாப் ஸ்கிராட்ச் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அது பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் பிரஷ் கைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். இப்போது வைத்திருக்கும் கம்ப்யூட்டரிலேயே இதைச் சோதிக்கலாம். ஜன்னலின் கீழ்ப்பட்டையில் 'எஃபிஷியன்ஸி' என்பதைத் தேர்ந்தெடுத்து வேலை செய்யுங்கள். 100 சதவீதத்திலிருந்து அடிக்கடி இறங்கினால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். பல நேரம் புதுப் பெட்டியே தேவைப்படாது.

விண்டோஸுக்கு ஒரு என்விஎம்இ, ஸ்கிராட்சுக்கும் லைட்ரூம் கேட்டலாகுக்கும் இன்னொன்று, முடிந்த ஆல்பங்களுக்கு ஹார்டு டிஸ்க். இதுதான் நான் சொல்லும் அமைப்பு.

பிராசஸரில், ஃபோட்டோஷாப்பின் பெரும்பாலான வேலைகளுக்குக் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். லைட்ரூமிலிருந்து நூற்றுக்கணக்கான ரா படங்களை எக்ஸ்போர்ட் செய்பவருக்குக் கோர் கூடுவதால் பலன் உண்டு.

சென்னை ரிச்சி தெருக் கடைகளில் "எடிட்டிங்குக்கு" என்று வாய் திறந்தாலே கேமிங் கார்டும் கலர் விளக்கும் மேசைக்கு வந்துவிடும். 2023-ல் லைட்ரூமில் வந்த ஏஐ டினாய்ஸ் கிராபிக்ஸ் கார்டை நம்பித்தான் ஓடுகிறது. அதைத் தினமும் பயன்படுத்துவீர்கள் என்றால் 8 ஜிபி கார்டு வாங்குங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பணம், என்னைக் கேட்டால், மானிட்டருக்குப் போகட்டும்.

எஸ்ஆர்ஜிபி நிறங்களை முழுதாகக் காட்டும் ஐபிஎஸ் மானிட்டர் வாங்குங்கள், கூடவே ஒரு காலிபிரேட்டரும். "லேப்ல இருட்டா அடிச்சுட்டாங்க" என்ற புகாரில் பாதிக்குமேல் லேபின் குற்றமில்லை. திரை கண் கூசும் வெளிச்சத்தில் இருக்கும். அதில் பார்த்துப் படத்தை இருட்டாக்கியிருப்பார்கள். வெளிச்சத்தை 120 நிட்ஸ் அளவுக்கு இறக்கிவிட்டு, ஏற்கெனவே பிரிண்ட் போட்ட ஒரு ஷீட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.