பழைய ஹெரால்டு காரும் ஒரு துளி எண்ணெயும்

(தொழில் அறிவுப் பகுதி – இளைஞர்களுக்கான பாடம்)



மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாக மலை மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் இருக்கிறது. இன்று அது சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்பு, 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை, கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே அப்பக்கத்து வீடுகள் பலவற்றில் இன்றும் தமிழ் பேசப்படுகிறது. உறவும் கொடுக்கல் வாங்கலும் கோவை, ஈரோடு பக்கம் இருக்கின்றன.

அத்தகைய ஒரு வீட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அழைக்கப்பட்டேன். புளியமரத்தடிக் கொட்டகையில் ஒரு கார் முப்பது ஆண்டுகளாக நின்றிருந்தது. முன்பக்க இடது சக்கரம் உள்நோக்கி மடங்கி, மட்கார்டு தரையைத் தொடும் நிலையில் இருந்தது. “எங்க மாமனார் வாங்கின வண்டிங்க. பழைய இரும்புக்காரர் நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொன்னா தேவலைங்க” என்றார் வீட்டுப் பெரியம்மா. அவருடைய பேரன், பத்தாம் வகுப்பு மாணவன், டார்ச் விளக்குடன் பக்கத்தில் நின்றான். அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்குப் பாடமாக எழுதுகிறேன்.

1. இது என்ன வண்டி?

பெங்களூரிலிருந்து வந்து பார்த்த ஒருவர் இதை ‘கெஸல்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பின்புறத்தில் அப்பெயர் பொறித்த பட்டையும் இருந்தது. ஆனால் பெயர்ப்பட்டையைக் கொண்டு ஒரு பழைய காரை இனங்காணக் கூடாது. கடைச் சாமானை யாரும் வாங்கித் திருகிவிடலாம்.

முதலில் இந்தக் குடும்பத்துக் கார்களின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரயம்ப் நிறுவனம் 1959 ஏப்ரலில் ஹெரால்டு காரை வெளியிட்டது. உருவத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டவரான ஜியோவானி மிக்கலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் இதை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. எஞ்சின் 948 சி.சி. முதலில் இரண்டு கதவு; 1960-களின் பிற்பகுதியில் நம் நாட்டுக்கென்றே நான்கு கதவு வண்டியும் வந்தது. 1971-இல் ஹெரால்டு நின்றது. அடுத்து வந்த கெஸல் 1977 வரை தயாரானது. கல்கத்தாப் பக்கம் அம்பாசிடரும் பம்பாயில் பியட்டும் பிறந்தது போல, சென்னையில் பிறந்த கார் இது.

நான்கு கதவு ஹெரால்டும் கெஸலும் தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி போல் இருக்கும். பிரித்தறிவது எப்படி? வண்டிக்குப் பின்னால் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். ஹெரால்டில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் அசையும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் இடமிருந்து வலமாகக் கிடக்கும். நம் நாட்டு உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிக்கவில்லை. அதனால் கெஸலில் மற்றக் கார்களில் உள்ளது போல் ஒரே குழலாக அமைந்த பின் அச்சைப் போட்டார்கள். கௌதள்ளி வண்டியின் அடியில் பையனைப் படுத்துப் பார்க்கச் சொன்னேன். “குறுக்கே ஒரே பட்டைதான் இருக்குது மாமா” என்றான். ஆகவே அது கெஸல் அன்று, ஹெரால்டு.

இன்னொரு எச்சரிக்கை. ஹெரால்டின் உடல் ஒரே கூடாக வார்க்கப்பட்டதன்று. தனியான இரும்புச் சட்டமாகிய சேஸிஸ் மீது, உடற்பகுதிகள் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை. ஒரு வண்டியின் பானெட் இன்னொரு வண்டியில் எளிதாகப் பொருந்தும். எனவே முகத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. எண்களே சாட்சி. எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண், பானெட்டுக்குள் தடுப்புச் சுவரில் உள்ள தகட்டின் எண், ஆர்.சி. புத்தகத்தின் எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். எண்ணின் மேல் உள்ள அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைக்கவும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எண்ணே அழிந்துவிடும். பிறகு மெல்லிய தாளை வைத்து பென்சிலால் உரசிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கௌதள்ளி வண்டியில் மூன்றும் பொருந்தின. ஆர்.சி. ஆண்டு 1969.

2. சக்கரம் ஏன் மடங்கியது?

வீட்டில் உள்ளவர்கள், “எங்கோ மோதியிருக்கும்” என்று நினைத்திருந்தார்கள். டிரைவர் வேகமாக ஓட்டியதாக அந்நாளில் ஒரு பழியும் இருந்ததாம். உண்மை வேறு.

ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக முழுவதும் சாய்ந்து திறக்கும். திறந்தால் முன் சஸ்பென்ஷன் கண் முன்னே தெரியும். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு விஷ்போன் கை, கீழே ஒரு விஷ்போன் கை. நடுவில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். இரு கைகளையும் சேர்த்து, சக்கரத்தைத் தாங்கி நிற்பது ஓர் எஃகுத் தூண். தூணின் மேல் முனை பந்து மூட்டில் திரும்புகிறது. கீழ் முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை, ட்ரனியன் எனப்படும் வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் திருகாணி மரையில் சுற்றுவது போல, தூண் அக்கட்டைக்குள் சுற்றுகிறது. ஹெரால்டு மிகச் சிறிய இடத்தில் வட்டமடித்துத் திரும்பப் பெயர் பெற்றது.

இந்த அமைப்பு பலவீனமானது என்று பலர் சொல்வார்கள். அப்படியன்று. புகழ்பெற்ற லோட்டஸ் எலான் விளையாட்டுக் காரிலும் டிரயம்பின் இவ்வகைத் தூண்தான் இருந்தது. ஆனால் அது ஒன்றே ஒன்று கேட்கிறது: எண்ணெய். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ட்ரனியனுக்குள் கெட்டியான கியர் எண்ணெய் விட வேண்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் இடுக்குகளுக்குள் போகாமல் நின்றுவிடும். மழை நீர் புகுந்து தங்கும். எஃகு துருப்பிடிக்கும். துருவின் பள்ளத்திலிருந்து மயிரிழை போன்ற வெடிப்பு தொடங்கும். கடைசியில் தூண் மரையோடு முறியும்.

இது பெரும்பாலும் வேகமாக ஓடும்போது முறிவதில்லை. வண்டியை நிறுத்த இடம் பார்த்து ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போதுதான் அதிகமாக முறியும். கௌதள்ளியிலும் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போதுதான் சக்கரம் மடங்கியிருக்கிறது.

மோதலா, துருவா என்பதை முறிந்த முகமே சொல்லும். ஒரே அடியில் முறிந்த எஃகின் முகம் முழுவதும் ஒரே தன்மையாக இருக்கும். நாள்பட்ட வெடிப்பு முறிந்தால் இரு பகுதிகள் தெரியும்: ஒரு பகுதி வழவழப்பாகவும் கருத்தும் இருக்கும், மற்றது சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான பகுதி பழைய வெடிப்பு. சொரசொரப்பானது கடைசி நாளில் அறுந்தது. நாங்கள் எடுத்த துண்டில் பாதிக்கு மேல் கருப்பு. டிரைவர் மேல் குற்றமில்லை.

3. நோட்டுப் புத்தகம்

இனிச் சொல்லப்போவது எந்தப் பணிமனைப் புத்தகத்திலும் இராது. காரின் டாஷ்போர்டு அறைக்குள் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. பையன் அதை எடுத்து, “கொள்ளுத் தாத்தா கணக்கு எழுதினதுன்னு பாட்டி சொல்லும். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது மாமா” என்றான். வீட்டில் தமிழ் பேசுகிறான். பள்ளியில் கன்னடம், ஆங்கிலம் படிக்கிறான்.

வாங்கிப் பிரித்தேன். 1969 முதல் 1984 வரை பெட்ரோல், டயர், பேட்டரி என்று வரிவரியாகக் கணக்கு. சில பக்கங்களுக்கு ஒரு முறை ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: முன் சக்கரத்துக்குக் கீழ்க்கட்டைக்கு எண்ணெய் விட்டது. முதல் பக்கத்தின் உள்ளட்டையில், அடியில் கோடு போட்டு, “எண்ணெய் மட்டும். கிரீஸ் கூடாது” என்று எழுதியிருந்தார். 1984-க்குப் பின் நோட்டில் எழுத்து இல்லை. அந்த ஆண்டுதான் அவர் காலமானார். அதன் பிறகு வண்டி சர்வீசுக்குப் போன இடத்தில், மற்றக் கார்களைப் போல் எண்ணி கிரீஸ் அடித்திருக்கிறார்கள். ட்ரனியனைப் பிரித்தபோது உள்ளே மெழுகுக் கட்டி போல் அது இறுகிக் கிடந்தது.

அந்த ஒரு வரியை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆளிருந்தும், யாரும் நோட்டைத் திறக்கவில்லை. இன்று திறக்க ஆசைப்படும் பையனுக்கு எழுத்துத் தெரியவில்லை. பெரியம்மா நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வந்த பழைய இரும்புக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

4. சீர்செய்யும் முறை

(அ) மடங்கிய சக்கரத்தோடு வண்டியை இழுக்கக் கூடாது. சேஸிஸை ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டு அல்லது கனத்த மரக்கட்டைகளில் நிறுத்தவும். செங்கல் அடுக்கி அதன் மேல் நிறுத்தி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

(ஆ) கழற்றும் முன் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுக்கவும். கழற்றிய ஒவ்வொரு போல்டையும் தனிப் பையில் இட்டு, இடம், வலம் என்று எழுதவும்.

(இ) சேஸிஸ் கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும். சட்டத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரியான துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைக்கவும். பிறகு மூலைக்கு மூலை அளக்கவும். இரண்டு குறுக்களவும் சமமானால் சட்டம் நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால், சட்டத்தை நிமிர்த்தாமல் புதுச் சாமான் போடுவது வீண்செலவு.

(ஈ) காயில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் உள்ளது. அதற்குரிய கிளாம்பு இல்லாமல் நட்டைக் கழற்றினால் துள்ளி வந்து அடிக்கும். இந்த வேலையைப் பழகிய மெக்கானிக்கிடமே விடுங்கள்.

(உ) முறிந்த தூணை வெல்டிங் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடவே கூடாது. வெல்டிங் சூட்டில் பக்கத்து எஃகு நொறுங்கும் தன்மை அடையும். அடுத்த முறை அது சாலையில் முறியலாம்.

(ஊ) ஒரு பக்கம் முறிந்தாலும் இரு பக்கத்துத் தூணையும் ட்ரனியனையும் மாற்றவும். இடப்பக்கச் சாமான் வலப்பக்கத்துக்கு ஆகாது. டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் காரிலும் இவ்வகை அமைப்பே இருப்பதால், இங்கிலாந்தில் இன்றும் இவற்றைச் செய்து விற்கிறார்கள். அளவுகளில் மாறுதல் உண்டு; பழைய சாமானை அளந்துவிட்டே வரவழைக்க வேண்டும்.

(எ) பூட்டிய பின், சக்கரம் தொங்கும்படி தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே எண்ணெய் ஏற்றவும். மேலே கசிந்து வரும்வரை விட வேண்டும்.

(ஏ) நெடுநாள் நின்ற வண்டியில் பிரேக் ரப்பர்களும் குழாய்களும் கெட்டிருக்கும். அவற்றை மாற்றாமல் எஞ்சினைக் கிளப்பி ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

5. பதிவு

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க ரூ. 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே அனுமதி. இனங்காண்பது ஏன் முதற்பாடம் என்பது இப்போது விளங்கும். தவறான பெயரும் பொருந்தாத எண்ணும் உள்ள வண்டி இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

சென்ற தைப்பொங்கலன்று கௌதள்ளி ஹெரால்டு கொட்டகையைவிட்டு வெளியே வந்து, தென்னந்தோப்புக்குள் ஒரு சுற்று வந்தது. பெரியம்மா முன்சீட்டில் அமர்ந்திருந்தார். நீல நோட்டில் 1984-க்குக் கீழே ஒரு புது வரி சேர்ந்தது. எண்ணெய் விட்ட நாளைப் பையன் தானே தமிழில் எழுதினான். ‘ண்’ணும் ‘ன்’னும் இடம் மாறியிருந்தன. திருத்திக்கொடுத்தேன், திரும்ப எழுதினான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய தையல் இயந்திரமோ, பம்பு செட்டோ, ஸ்கூட்டரோ இருக்கும். அதனோடு பெரியவர்கள் எழுதிவைத்த தாளும் இருக்கும். பிள்ளைகளை உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஹெரால்டையும் கெஸலையும் பிரித்தறிய எங்கே பார்க்க வேண்டும்?
2. பெயர்ப்பட்டையும் பானெட்டும் ஏன் உறுதியான சாட்சியாகா?
3. ட்ரனியனுக்குக் கிரீஸ் ஏன் கூடாது?
4. முறிந்த எஃகின் முகத்தைப் பார்த்து நாள்பட்ட வெடிப்பை எப்படி அறிவீர்கள்?
5. உங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் பத்து வரி எழுதுக.