மாதுளையும் குடல் நுண்ணுயிர்களும்

புனே நகரைச் சார்ந்த கணேஷ்கிண்ட் பழ ஆராய்ச்சி நிலையத்தில், ஆலந்தி என்னும் மாதுளை வகையின் நாற்றுகளிலிருந்து டாக்டர் சீமா தேர்ந்தெடுத்த ஒரு வகை 1936-ம் ஆண்டில் வெளியாயிற்று. மென்மையான விதைகளையுடைய அவ்வகைக்கு 1970-ல் ‘கணேஷ்’ என்று பெயரிடப்பட்டது. மகாராஷ்டிரத்தில் இன்று பெரிதும் விளையும் மாதுளை, முதியோரின் ஞாபக சக்தியைக் காக்கும் என்று பலரும் கூறுவதுண்டு. இக்கூற்றைச் சீர்தூக்கப் பழத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அதை உண்பவரின் பெருங்குடலில் நிகழ்வதையும் அறிதல் வேண்டும்.

பழத்தில் உள்ள பொருள்

மாதுளைத் தோலின் துவர்ப்புக்குக் காரணம் பாலிபீனால் வகையைச் சேர்ந்த எல்லாஜிடானின்கள் ஆகும். தோலைக் கொதிக்க வைத்து வடித்த நீரில் சிறிது அன்னபேதிக் கரைசலை விட்டால், நீர் கறுத்துவிடும். வகுப்பில் எளிதாகக் காட்டத்தக்க சோதனை இது. இப்பொருள்கள் குடலில் சிதைந்து எல்லாஜிக் அமிலத்தைத் தருகின்றன. அவ்வமிலம் நீரில் எளிதிற் கரையாது. ஆதலால் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சியது பெருங்குடலை அடைகிறது.

பெருங்குடலில் நிகழும் மாற்றம்

அங்கு வாழும் பாக்டீரியாக்கள் எல்லாஜிக் அமிலத்தின் வளையங்களுள் ஒன்றைத் திறந்து, ஒரு கார்பன் அணுவை நீக்குகின்றன. பின்னர் ஹைட்ராக்சில் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் களைகின்றன. 14 கார்பன் அணுக்களும் 8 ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட பொருள், 13 கார்பனும் 4 ஆக்சிஜனும் கொண்ட யூரோலித்தின்-ஏ ஆகிறது. முதற்படிகளைக் கார்டனிபாக்டர் இனத்தவை செய்யவல்லன. இறுதிப்படிக்கு வேறு இனங்களின் துணை வேண்டும். யூரோலித்தின் குடற்சுவரை எளிதிற் கடந்து இரத்தத்தில் சேர்கிறது.

இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் எல்லோரிடத்தும் இல்லை. ஸ்பெயின் நாட்டு ஆய்வுகளில், ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் யூரோலித்தின் தோன்றவேயில்லை. இவ்விகிதத்தை இந்தியருக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் விஞ்ஞானிகளும் பிறரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியரின் குடலில் பிரிவோட்டெல்லா, மெகாஸ்பியரா ஆகிய இனங்கள் மிகுதி எனக் கண்டனர். குடலின் குடிகள் நாட்டுக்கு நாடு, உணவுக்கு உணவு வேறுபடுகின்றன.

மூளைக்கு உண்டாகும் பயன்

உயிரணுக்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்களுள் பழுதுற்றவற்றை அகற்றும் செயலை யூரோலித்தின்-ஏ தூண்டுகிறது. புழுக்களில் செய்த இச்சோதனை 2016-ல் வெளியாயிற்று. அல்ஷைமர் நோயின் இயல்புகள் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அதனைக் கொடுத்தபோது, மூளையின் அழற்சி தணிந்து நினைவாற்றல் மேம்பட்டது. ஆயினும் அது மனிதருக்கு மறதி நோய் வாராமற் காக்கும் என்பது இதுவரை நிலைநாட்டப்படவில்லை.

களப்பணியாளர் கவனத்திற்கு

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேர் மறதி நோயுற்றிருப்பதாக 2023-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இத்தகையோரின் வீட்டார், பழச்சாற்றை மருந்தாக நம்பிக் காலங்கடத்துதல் பெருந்தீங்காகும். மறதி மிகும் முதியவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு விரைவில் அழைத்துவரச் செய்தல் வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, செவித்திறன் குறைவு ஆகியவற்றைக் கவனிப்பதும் மூளையைக் காக்கும் வழியாகும்.

மாதுளை நல்ல உணவே. அதனைச் சாறாக அன்றிப் பழமாகவே உண்பது நன்று; நீரிழிவு உள்ளோர் அளவறிந்து உண்ண வேண்டும். பருப்பு, கீரை, சிறுதானியம் ஆகியவற்றின் நார்ப்பொருள் குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. வைத்தியர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் மருந்துகளை உட்கொண்டால், பயன்தரும் நுண்ணுயிர்களும் அழியக்கூடும். பழம் தருவது மூலப்பொருள் மட்டுமே. அதனைப் பயன்படு பொருளாக்குவோர் குடலில் வாழும் நுண்ணுயிர்களே என்பதை மாணவரும் மக்களும் உணருமாறு செய்தல் வேண்டும்.