வீட்டில் தையல் தொழில்: மெஷினுக்கு முன்னர் வயரிங்

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, நான்கு தையல் மெஷின்களைப் போட்டுத் தொழில் தொடங்க நினைப்போர் நம்மில் பலர். கடை வாடகை இல்லை. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே உழைக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் முதலைக் கணக்குப் பார்க்கும்போது மெஷின், துணி, நூல் எல்லாவற்றையும் எழுதும் நாம், வயரிங் என்ற ஒரு வரியை எழுதுவதில்லை.

எனது மருமகன் இப்படித் தொடங்கியபோது என்னிடம்தான் யோசனை கேட்டார். "மாமா, புதுசா வயர் இழுக்கோணும் எண்டு பாஸ் சொல்றார். நல்லா செலவாகும் போல" என்றார். "அதைப் பிறகு பார்ப்போம், முதல்ல ஓடரைப் பிடிங்க" என்றேன். வியாபாரி புத்தி!

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், ஓடரை முடிக்கும் அவசரம். சுவரில் இருந்த பழைய பிளக் பொயின்ட் ஒன்றில் மல்டி பிளக்கைச் செருகி, இரண்டு மெஷின்களும் இரண்டு அயன்களும் ஓடின. தராவீஹ் முடிந்து வந்தபோது கருகும் வாடை. பிளக் உருகி, பக்கத்தில் இருந்த துணிக்கட்டில் நெருப்புப் பிடித்துவிட்டது. மெயின் சுவிட்சை நிறுத்தி, ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார்கள். அடுத்த அறையில் பிள்ளைகள் தூக்கம். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. எரிந்த உடுப்புகளின் பெறுமதியோ பாஸ் கேட்ட தொகையைவிட அதிகம்.

பிரேக்கர் ஏன் விழவில்லை? மெஷின் ஒன்று 400 வொட், அயன் ஒன்று 1,200 வொட். மொத்தம் 3,200 வொட். அதை 230 வோல்ட்டால் பிரித்தால் ஏறக்குறைய 14 அம்பியர். பிரேக்கரோ 20 அம்பியர். அது சுவருக்குள் இருக்கும் வயரைத்தான் காக்கும். தேய்ந்து தளர்ந்த பிளக் பொயின்ட் சூடாவது அதற்குத் தெரியாது. 13 அம்பியர் பிளக்கில் உள்ள பியூஸும் 14 அம்பியருக்கு உடனே போகாது.

அந்தப் பாடத்துக்குப் பிறகு, பாஸுடன் உட்கார்ந்து நாங்கள் செய்தவை இவை:

1. மொத்தக் கணக்கு: நான்கு மெஷின், இரண்டு அயன், லைட், ஃபேன் எல்லாம் 4,300 வொட். அதே நேரத்தில் வீட்டில் ரைஸ் குக்கர், கேத்தல், தண்ணீர் மோட்டர் ஓடினால் இன்னும் 2,950 வொட். கூட்டினால் 31 அம்பியருக்கும் மேல். வீட்டு இணைப்போ 30 அம்பியர். எனவே அயன் போடும் நேரத்தில் மோட்டர் போடுவதில்லை என்று தீர்மானித்தோம். இன்னும் மெஷின் கூட்டுவதாயின் மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2. தனித்தனி சேர்கிட்: அயன்களுக்கு ஒன்று, மெஷின்களுக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று. அயன், மெஷின் இரண்டுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், அதாவது கடையில் 7/0.67 என்று கேட்பது. ஒவ்வொன்றுக்கும் 20 அம்பியர் பிரேக்கர். மெஷின் பிரேக்கர் விழுந்தாலும், ஓடும் ஊசிக்குப் பக்கத்தில் கை இருக்கும்போது அறை இருட்டாகாது.

3. பிளக் பொயின்ட்: மேசைகள் எங்கே வரும் என்று தரையில் சோக்கால் கீறிப் பார்த்த பிறகே இடம் குறித்தோம். ஒரு மெஷினுக்கு ஒரு பொயின்ட், மேசை மட்டத்துக்கு மேலே. கீழே இருந்தால் துணித் தும்பு சேரும், காலும் வயரில் தடக்கும். மல்டி பிளக்குக்கு இனி அங்கே வேலையில்லை.

4. எர்த்தும் ட்ரிப் சுவிட்சும்: 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், கரண்ட் அடிக்கும்போது ஆளைக் காப்பாற்றும். ஆனால் தளர்ந்த இணைப்பின் சூட்டுக்கு அது விழாது. இரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

5. கட்டண வகை: வீட்டுப் பாவனைக்கும் தொழிலுக்கும் மின்கட்டண வகை வேறு. உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும் என்று மின்சார அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெறுங்கள். நிறுவையில் கள்ளம் செய்யாத நாம் மீற்றரிலும் அப்படியே இருக்க வேண்டும்.

இவற்றைத் தகைமை பெற்ற மின் தொழிலாளியைக் கொண்டே செய்யுங்கள். நாமே பிளையரை எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது.

வயரிங் செலவு அல்ல, அதுவும் முதல்தான். தொழில் தொடங்க யோசனை கேட்டு வருவோரிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ஓடரைப் பற்றியல்ல. "வீட்டு மெயின் சுவிட்ச் எத்தனை அம்பியர்?" என்றுதான் கேட்கிறேன்.