பனி வீடும் மாய ஆந்தையும்

பனியால் கட்டிய வீட்டில் விளக்கேற்றினால் உருகாதா? பள்ளிக்கூடம் பாராத என் தாயார் இப்படிக் கேட்டபோது, இயற்பியல் மாணவனாகிய நான் விழித்தேன்!

நாம் எஸ்கிமோ என்று படித்த கனடாவின் இன்யூட் மக்கள், காற்றில் இறுகிய பனியைக் கட்டிகளாக வெட்டிச் சுருளாக அடுக்கினர். பனியினுள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வாயில் தாழ்வு, படுக்கும் மேடை உயரம். ஆகவே சூடான காற்று மேலேயே தங்கும். சீல் கொழுப்பு எரியும் கல்விளக்கைப் பெண்கள் பேணினர். அவ்வெப்பத்தில் உட்சுவர் சிறிது உருகும். உடனே உறைந்து முன்னிலும் உறுதியாகும். இதுவே விடை.

இன்று அவர்கள் வாழ்வது மரவீடுகளில்.

பனி வீட்டில் 1927இல் பிறந்த கெனோஜுவாக் அஷெவாக் என்ற பெண்மணி வரைந்த 'மாய ஆந்தை', 1960இல் கல்லில் செதுக்கி அச்சிடப்பட்டது. 1970இல் கனடாவின் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. படத்தைக் காட்டினேன். "ஆந்தையா!" என்று முகம் சுளித்த தாயார், பின்னர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.