மாருதி 800: வீட்டிலேயே கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவது எப்படி?

சிக்கந்தராபாத், தார்நாகா, மல்காஜ்கிரி பக்கத்து அடுக்குமாடிக் கட்டடங்களின் செல்லாரில் இறங்கிப் பார்த்தால், ஏதாவது ஒரு தூணோரம் துணி போர்த்திய மாருதி 800 ஒன்று இன்றும் கண்ணில் படும். நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலும் அது உண்டு. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் வண்டியின் சாவி கொடுக்கப்பட்டது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. ஆனால் நம் ஊருக்கு அந்தக் கார் அதற்கு முன்பே விடை சொல்லிவிட்டது. 2010 ஏப்ரல் முதல் 13 நகரங்களில் பி.எஸ்.4 புகை விதி வந்தபோது ஹைதராபாத்தும் அதில் ஒன்று. 800 அந்த விதிக்கு மாற்றப்படாததால் இங்கே புதிய வண்டி விற்பது நின்றது. ஆகவே ஏ.பி. 09, ஏ.பி. 10 என்று எண் தாங்கிய எந்த 800-ம் இன்று 15 வயதைத் தாண்டியதுதான். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

இந்த நிலையில் ஒரு பட்டறைக்காரர், "சார், கியர்பாக்ஸ் போச்சு" என்று சொன்னால், வண்டியின் விலைக்குச் சமமாகச் செலவுக் கணக்கு வந்து நிற்கிறது. பலர் அந்த ஒரு வார்த்தையிலேயே வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில், என்னுடைய 2004-ஆம் வருடத்து 800-இன் கியர்பாக்ஸை எங்கள் செல்லாரில் வைத்தே இரண்டு முறை இறக்கி ஏற்றியிருக்கிறேன். அந்த வேலையின் முறையை இங்கே எழுதுகிறேன். நீங்களே செய்யாவிட்டாலும், பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இறக்கத்தான் வேண்டுமா என்பது. என் கணிப்பில், இறக்கப்படும் கியர்பாக்ஸ்களில் நிறைய, இறக்காமலே சரியாகியிருக்கக் கூடியவை.

எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் வைத்துக் கேளுங்கள். கிளச்சை மிதிக்காதபோது ஒரு கரகர சத்தம் இருந்து, மிதித்தவுடன் நின்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குள். பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஏனென்றால் மிதிக்காதவரை அந்த ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், மிதித்தால் நின்றுவிடும். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங். அதை மாற்றுவதற்கும் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை. செலவில் இது பெரிய வித்தியாசம்.

எல்லா கியரும் விழ மறுத்து, ரிவர்ஸ் போடும்போது பல் கடிக்கிறதா? முதலில் கிளச் கேபிளைப் பாருங்கள். இழை பிரிந்த கேபிள் முழு நீளம் இழுக்காது, பிளேட் முழுதாக விடுபடாது. கியர் கம்பி வெண்ணெயில் கரண்டி விட்டதுபோல் ஆடுகிறது, முதல் கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், கியர் ராடின் புஷ்கள் தேய்ந்திருக்கின்றன. இது 800-இல் மிகச் சாதாரணமான கோளாறு. அடியில் படுத்து ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மேட்டில் இழுக்கும்போது கியர் தானாக நழுவினால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் டக் டக் என்றால் அது டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட். அதற்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை.

கிளச் நழுவுகிறதா என்று அறிய, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, காலைப் பிரேக்கில் வைத்து, நான்காவது கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். முன்னால் சுவரோ ஆளோ இருக்கக் கூடாது.

சரி, இறக்கியே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இனி வண்டியைத் தூக்கும் விஷயம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் நிறுத்திப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லாலாகுடா பட்டறை நிஜாம் ரயில்வே காலத்தில், 1893-இல் தொடங்கியது. அங்கே பெட்டியைத் தூக்கி போகியைத் தனியே உருட்டி எடுப்பது அன்றாட வேலை. தூக்கிய பெட்டியை ட்ரெசில் என்னும் தாங்கிகளின் மேல் இறக்கி உட்கார வைக்காமல் யாரும் அடியில் கையை நீட்டக்கூட மாட்டார்கள். தூக்குவது ஒரு கருவி, தாங்குவது வேறு கருவி. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் இருப்பது ஒரு சிறிய ரப்பர் சீலும் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே. அது எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். 800 சின்ன வண்டிதான், ஏறக்குறைய 650 கிலோ. ஆனால் அதன் பாதி எடைகூட ஒரு மனிதனின் மார்புக்கு மிக அதிகம்.

ஆகவே சரிவில்லாத சிமெண்ட் தரை வேண்டும். செல்லாரின் இறங்குபாதை ஓரம் கூடாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. எடை சொல்லி வாங்கிய இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டு, சட்டத்தின் உறுதியான இடத்தில். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அவை நசுங்குவதில்லை, முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறும். கழற்றிய முன் சக்கரங்களை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். அப்படியும் ஏதேனும் நடந்தால் சக்கரம் தாங்கும். ஸ்டாண்டில் நின்ற பிறகு வண்டியைக் கையால் பலமாக உலுக்கிப் பாருங்கள். நீங்கள் வெளியே நிற்கும்போது விழுவதானால் விழட்டும். தனியாளாக இந்த வேலையைத் தொடக் கூடாது. கூட ஒருவர், கூப்பிட்டால் வரும் தூரத்தில் இல்லாமல், பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கருவிகள் அதிகமில்லை. நல்ல ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், நீளமான டாமி பார், ஒரு டார்க் ரென்ச், எண்ணெய் பிடிக்கத் தட்டு. (இங்கே கடையில் ஸ்பேனர் என்பதைவிட 'பானா' என்று கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.) வண்டியின் சர்வீஸ் மேனுவல் கையில் இருக்கட்டும். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், அனுபவத்திலிருந்து அல்ல.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பிறகு மேலிருந்து எட்டும் எல்லாவற்றையும்: கிளச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் காலத்தில் சாக்பீஸ் குறியும் சிகரெட் டப்பா மூடியும்தான். போல்ட்டுகளை அட்டையில் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் ஒன்றுபோல் இராது. குட்டை இடத்தில் நெட்டை போல்ட்டைச் செலுத்தினால் அலுமினிய உடம்பு விரியும்.

அடியில் போய் கியர் ஆயிலை வடியுங்கள். வடிந்த எண்ணெயை விரலால் தேய்த்துப் பார்ப்பது ரத்தப் பரிசோதனை போன்றது. ஒரு காந்தத் துண்டை அதில் விட்டு எடுத்தால் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டும். அது வயதின் அடையாளம், பயமில்லை. பித்தளை நிற மினுக்கம் தெரிந்தால் சிங்க்ரோனைசர் வளையங்கள் தேய்ந்துள்ளன. விளிம்புள்ள இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. அப்போது கிளச்சோடு வேலை முடியாது.

அடுத்து டிரைவ் ஷாஃப்டுகள். பால் ஜாயின்ட் போல்ட்டை எடுத்து, சக்கரத் தொகுதியை வெளிப்பக்கம் நகர்த்தினால் ஷாஃப்ட் வெளிவர இடம் கிடைக்கும். உள் முனையை ஒரு ஸ்னாப் ரிங் பிடித்திருக்கும். பெரிய ஸ்க்ரூ டிரைவரால் உள் ஜாயின்டையே நெம்ப வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் ஜாயின்ட் உள்ளே பிரிந்துகொண்டு வரும், ரப்பர் பூட்டும் கிழியும். நேராக இழுங்கள், சாய்த்தால் ஆயில் சீலின் உதடு வெட்டுப்படும். எடுத்ததைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். கியர் ராடையும் கழற்றிவிட்டால் இணைப்புகள் முடிந்தன.

இப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 800-இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்காக ஒரே வரிசையில், மவுண்டிங்குகளில் தொங்குகின்றன. பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கை எடுத்தால் எஞ்சின் அந்தப் பக்கம் சாயும். முன்கூட்டியே சம்ப்புக்கு அடியில் மரப்பலகை வைத்து ஒரு ஜாக்கி கொடுங்கள். இன்னொரு ஜாக்கி பாக்ஸுக்கு. பிறகு மவுண்டிங், சுற்றியுள்ள போல்ட்டுகள். கடைசி போல்ட்டைக் கூட இருப்பவர் பாக்ஸைப் பிடித்துக்கொண்ட பிறகே எடுங்கள். வண்டிக்கு நீளவாட்டில் அல்ல, எஞ்சினை விட்டுப் பக்கவாட்டில் நேராக நகர்த்தினால் இன்புட் ஷாஃப்ட் வெளிவரும். அதுவரை பாக்ஸின் எடை அந்த ஷாஃப்டில் தொங்கக் கூடாது, கிளச் பிளேட்டின் நடுக்குடம் வளைந்துவிடும்.

(அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் பாக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் போகும். முறை வேறு. ஷாஃப்டின் ஃபிளாஞ்சுகளைக் குறி போட்டுக் கழற்றாவிட்டால் மாட்டிய பின் உதறல் வரலாம்.)

பாக்ஸ் வெளியே வந்தபின் கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி இறக்குவது வீண். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல்கள், ஃப்ளைவீல் நடுவே உள்ள சிறிய பேரிங் ஆகியவற்றையும் இந்தச் சமயத்திலேயே பாருங்கள். ராணிகஞ்ச் கடைகளுக்குப் பழைய சீலையும் பேரிங்கையும் கையோடு கொண்டுபோங்கள். எண் அதிலேயே பொறித்திருக்கும்.

ஆனால் பாக்ஸின் உள்ளுறுப்பை வீட்டில் பிரிக்கச் சொல்ல மாட்டேன். அதற்குப் பிரஸ், புல்லர், இடைவெளி அளக்கும் கருவிகள் வேண்டும். வெறும் பாக்ஸை ஆட்டோவில் ஏற்றி, கியர் வேலை மட்டும் செய்பவரிடம் கொண்டுபோய் உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். எந்தப் பல் போனது, எந்தப் பேரிங் போனது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம். வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தால் இந்த வசதி இல்லை.

திரும்ப ஏற்றுவது, இறக்கியதன் தலைகீழ் வரிசை என்பார்கள். பாதி உண்மை. கிளச் பிளேட்டை மையத்தில் நிறுத்துவது புதிய வேலை. அதற்கான அலைன்மென்ட் கருவி இல்லாவிட்டால் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று போதும். பிளேட்டின் எந்த முகம் ஃப்ளைவீல் பக்கம் என்பதைப் பார்த்து வையுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எண்ணெய்க் கை படக் கூடாது. ஷாஃப்டின் பற்களில் கிரீஸ், பூசினோமா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான்.

பாக்ஸை ஏற்றும்போது கடைசி ஓர் அங்குலம் உள்ளே போகாமல் அடம் பிடிக்கும். எல்லோரும் செய்ய நினைப்பது போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுப்பது. அங்கேதான் பாக்ஸின் காது 'படக்' என்று உடைகிறது. ஒரு கியரைப் போட்டு, டிரைவ் ஷாஃப்ட் துளை வழியாக மெல்லச் சுற்றிக்கொடுங்கள். பற்கள் பொருந்தியதும் கையழுத்தத்திலேயே போய் டவல் பின்னில் உட்காரும். உட்கார்ந்த பிறகே போல்ட். டிரைவ் ஷாஃப்டுகளை உள்ளே செலுத்தியதும் ஸ்னாப் ரிங் 'க்ளிக்' என்று விழ வேண்டும். பிறகு உள் ஜாயின்டைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

மேனுவலில் சொன்ன ஜி.எல்.4 தர கியர் ஆயிலை, அளவுத் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஜி.எல்.5 அதைவிட உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். எண் பெரிது என்பது சரி. ஆனால் அதில் அதிகமாக உள்ள கந்தக மருந்து பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

கிளச் பெடலில் மேனுவல் சொல்லும் அளவு விளையாட்டு விட்டுக் கேபிளைச் சரிசெய்யுங்கள். சக்கரம் மாட்டுமுன், வண்டி ஸ்டாண்டில் இருக்கையிலேயே, யாரும் அடியில் இல்லாமல் எஞ்சினை ஓட்டி எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். இறக்கியபின் வளாகத்துக்குள் இரண்டு சுற்று. திரும்பி வந்து அடியில் காகிதம் விரித்து இரவு நிறுத்தினால் ஒழுக்கு காலையில் தெரிந்துவிடும். சக்கர நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்குங்கள். வடித்த பழைய எண்ணெயைச் செல்லார் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். அது மூசிக்குத்தான் போகும். மூடியுள்ள டின்னில் அடைத்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.